கேபிளை நிறுத்தலாமா? இலவச டிஷ், ரெக்கார்டிங், ஸ்ட்ரீமிங் ஸ்டிக்: ஒரு விளக்கம்

கேபிள் டிவிக்கோ டிடிஎச்சுக்கோ மாதா மாதம் பணம் கட்டாமல், வானத்தில் இலவசமாக வரும் சேனல்களைப் பிடித்துக் கம்ப்யூட்டரில் பதிவு செய்து கொள்ளலாம். மற்றவற்றை இன்டர்நெட் வழியாகப் பார்த்துக் கொள்ளலாம் என்று ஆங்கில இதழ்களில் அடிக்கடி எழுதுகிறார்கள். புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு இதைப் படித்தவுடன் ஓர் ஆசை வருவது இயல்பு. நம் ஊரில் இது எந்த அளவுக்கு நடக்கும், எதை வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்பதை இந்தக் கட்டுரையில் பார்க்கலாம்.

நான் ஒரகடத்தில் வாகன உதிரிபாகம் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் சாஃப்ட்வேர் இன்ஜினியராக இருக்கிறேன். குடியிருப்பது சுங்குவார்சத்திரத்தில். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் இந்தக் கேள்வியை என்னிடம் கேட்பவர்களுக்கு மாதச் செலவைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. அது ஷிப்ட். இரண்டாம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீடு வந்து சேரும்போது நள்ளிரவு ஆகிவிடும். இரவு எட்டரை மணி சீரியல், ஒன்பது மணிச் செய்தி எல்லாம் முடிந்து போயிருக்கும். அடுத்த வாரம் முதல் ஷிப்ட், அதற்கடுத்த வாரம் இரவு ஷிப்ட். இவர்களுக்கு 300 சேனல்கள் இருந்தாலும் பார்க்கும் நேரத்தில் எதுவும் இருப்பதில்லை. எனவே இவர்களுக்கு முதல் தேவை ரெக்கார்டிங். சேனல் எண்ணிக்கை அதற்குப் பிறகுதான்.

எங்கள் வீட்டுக்கார அம்மா ஒரு நாள் கேட்டார்: "தம்பி, கேபிளுக்குக் கட்டறது தண்டம்னு பையன் சொல்றான். டிவிக்குப் பின்னாடி ஏதோ குச்சி மாதிரி சொருகினா எல்லாம் ஓசியில வருமாமே, நெசமா?" அதே வாரம், அதே காம்பவுண்டின் பின்புற லைன் வீட்டில் இருக்கும் ஒடிசா, பீகார் இளைஞர்கள் நான்கு பேரும் ஏறக்குறைய இதையேதான் கேட்டார்கள். இரண்டு வீட்டுக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. ஏன் என்று பார்ப்போம்.

அமெரிக்கக் கட்டுரையை நம்பிக் கடைக்குப் போகாதீர்கள்

அமெரிக்காவில் ஏபிசி, சிபிஎஸ், என்பிசி, ஃபாக்ஸ் போன்ற பெரிய தனியார் சேனல்கள் அந்தந்த ஊர் டவரிலிருந்து நேரடியாக ஒளிபரப்பாகின்றன. 2009 ஜூன் 12 அன்று அங்கே முழுத் திறன் கொண்ட நிலையங்கள் எல்லாம் டிஜிட்டலுக்கு மாறின. ஜன்னல் ஓரத்தில் ஒரு ஆன்டெனா வைத்தால் மக்கள் அதிகம் பார்க்கும் சேனல்களே இலவசமாக, ஹெச்டி தரத்தில் வந்துவிடும். பிரிட்டனிலும் 2002 முதல் 'ஃப்ரீவியூ' என்ற பெயரில் இது இருக்கிறது. ஆகவே ஆன்டெனா, அதோடு ஒரு ரெக்கார்டர், ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் இருந்தால் கேபிளை வெட்டிவிடலாம் என்று அங்கே எழுதுவது அவர்களைப் பொறுத்தவரை சரிதான்.

இந்தியாவில் தரைவழி டிவி ஒளிபரப்பு தூர்தர்ஷனிடம் மட்டுமே இருக்கிறது. சன், விஜய், ஜீ போன்ற தனியார் சேனல்கள் எதுவும் டவர் வழியாக வருவதில்லை. 1975 ஆகஸ்ட் 15 அன்று சென்னை தூர்தர்ஷன் தொடங்கிய பிறகு, வீட்டுக்கு வீடு மாடியில் மீன் முள் போன்ற அலுமினிய ஆன்டெனா நின்ற காலம் உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்தப் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களில், முக்கியத்துவம் கருதி ஏறக்குறைய 50ஐ மட்டும் வைத்துக் கொண்டு, மற்றவற்றை 2022 மார்ச் 31க்குள் மூடிவிடுவதாகப் பிரசார் பாரதி 2021ல் அறிவித்தது. இதற்கிடையே 2016ல் சென்னை உட்பட 16 நகரங்களில் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பையும் தொடங்கினார்கள். அதில் வைத்ததும் தூர்தர்ஷனின் சில சேனல்களைத்தான்.

இதனால் தெரிந்து கொள்ள வேண்டியது ஒன்று. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் 'டிவி டியூனர் வாங்கி வாருங்கள்' என்று சொல்லாதீர்கள். அமெரிக்க டியூனர் ஏடிஎஸ்சி என்ற முறையில் இயங்குவது. அது நம் ஊரில் எந்தச் சிக்னலையும் படிக்காது. டிவிபி-டி2 டியூனரும் வீட்டு உபயோகத்துக்குக் கொடுத்த காசுக்கு ஈடாகாது என்பது என் கருத்து. உங்கள் டிவியிலேயே டி2 டியூனர் இருந்தால் சேனல் ஸ்கேன் செய்து பாருங்கள், அதற்குச் செலவில்லை. தனியாக வாங்க வேண்டாம்.

நம் ஊரின் இலவச வானம்

அமெரிக்காவில் ஆன்டெனா செய்யும் வேலையை நம் நாட்டில் டிடி ஃப்ரீ டிஷ் செய்கிறது. 2004 டிசம்பரில் 'டிடி டைரக்ட் பிளஸ்' என்ற பெயரில் 33 சேனல்களுடன் தொடங்கப்பட்டது. மாதக் கட்டணம் கிடையாது. ஒரு முறை டிஷ், எல்என்பி, செட்டாப் பாக்ஸ் மூன்றையும் வாங்கிப் பொருத்தினால் போதும். ஏறக்குறைய இரண்டாயிரம் ரூபாய்க்குள் வேலை முடிந்துவிடும். நாட்டில் 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இது இருக்கிறது. நம் தெருவில் அதிகம் கண்ணில் படாததற்குக் காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

சிக்னல் வருவது ஜிசாட்-15 என்ற செயற்கைக்கோளிலிருந்து. 2015 நவம்பரில் ஏவப்பட்ட இது கிழக்கு 93.5 டிகிரி தீர்க்கரேகைக்கு மேலே, பூமத்திய ரேகை மீது நிற்கிறது. நம் பகுதி ஏறக்குறைய கிழக்கு 80 டிகிரியில் இருக்கிறது. கணக்குப் போட்டால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தென்கிழக்கில், வடக்கிலிருந்து வலச்சுற்றாக 133 டிகிரியில், தரையிலிருந்து 68 டிகிரி உயரத்தில் அந்தச் செயற்கைக்கோள் இருக்கும். அதாவது பெரும்பாலும் தலைக்கு மேலே. இது நமக்கு நல்லது. டில்லியில் பக்கத்துக் கட்டடம் மறைப்பது போல இங்கே அதிகம் மறைக்காது; தென்னை மட்டை மேலே வந்து விழாமல் பார்த்துக் கொண்டால் போதும். டிஷ் மட்டும் 68 டிகிரிக்கு நிமிர்ந்து நிற்காதே என்று குழம்ப வேண்டாம். வீட்டு டிஷ்கள் எல்லாம் ஆஃப்செட் வகை. அவை பார்க்கும் திசையைவிட இருபது டிகிரிக்கும் மேல் குனிந்தாற்போலத்தான் தெரியும். மொபைலில் உள்ள காம்பஸ் ஆப் வைத்துத் திசையைப் பிடித்துவிட்டு, பாக்ஸின் சிக்னல் மீட்டரைப் பார்த்துக் கொண்டே மில்லிமீட்டர் அளவில் நகர்த்துங்கள்.

பாக்ஸ் வாங்கும்போது எம்பெக்-4 பாக்ஸ்தானா என்று கேட்டு வாங்குங்கள். பழைய எம்பெக்-2 பாக்ஸில் சேனல்களில் ஒரு பகுதி வராது. யுஎஸ்பி போர்ட் இருக்கிறதா, 'பிவிஆர்' வசதி இருக்கிறதா என்பதையும் பாருங்கள். ரெக்கார்டிங்குக்கு அந்த இரண்டும் வேண்டும்.

அதில் என்ன வருகிறது?

சேனல் பட்டியலைப் பார்க்காமல் யாரும் பணம் போடக் கூடாது. ஃப்ரீ டிஷ்ஷில் இடம் பிடிக்கத் தனியார் சேனல்கள் பிரசார் பாரதி நடத்தும் ஏலத்தில் பணம் கட்டுகின்றன. பார்ப்பவரிடம் வாங்காத பணத்தை விளம்பரத்தில் எடுக்கிறார்கள். இந்தி, போஜ்புரி பேசும் மாநிலங்களில் ஃப்ரீ டிஷ் வீடுகள் மிக அதிகம். எனவே ஏலத்துக்கு வருபவை பெரும்பாலும் அந்த மொழிச் சேனல்கள். தமிழ்நாட்டில் அதிகம் பார்க்கப்படும் சன் டிவி, விஜய் டிவி, ஜீ தமிழ் ஆகியவை கட்டணச் சேனல்கள். அவை இதில் இல்லை. தமிழைப் பொறுத்தவரை முக்கியமாக இருப்பது டிடி தமிழ். பொதிகை என்ற பெயரை 2024 ஜனவரியில் இப்படி மாற்றினார்கள். இத்துடன் கல்வி சேனல்களும் உண்டு. நம் தெருக்களில் ஃப்ரீ டிஷ் அதிகம் இல்லாததற்கு இதுவே காரணம். போதாக்குறைக்கு 2011ல் அரசு கேபிள் 70 ரூபாய்க்கு வந்துவிட்டபோது, இந்தப் பக்கம் யாருக்கும் மாடியில் டிஷ் மாட்டும் எண்ணமே வரவில்லை.

ஏலம் மாறினால் சேனலும் மாறும். 2019 மார்ச்சில் ஸ்டார் உத்சவ், ஜீ அன்மோல் போன்ற இந்திப் பொழுதுபோக்குச் சேனல்கள் ஒரே மூச்சில் ஃப்ரீ டிஷ்ஷிலிருந்து வெளியேறின. அடுத்த ஆண்டு திரும்பி வந்தன. இலவசமாக வருவது என்றைக்கும் வரும் என்று எண்ணிக் கொள்ள வேண்டாம்.

எங்கள் பின்புற லைன் வீட்டு இளைஞர்களுக்கோ இது அளவெடுத்துத் தைத்தது போல் இருந்தது. டிடி ஒடியா, டிடி பீகார், இந்திப் படச் சேனல்கள், போஜ்புரிப் பாட்டு எல்லாம் மாதச் செலவின்றி வருகிறது. அதுவரை அவர்கள் ஆளுக்கொரு மொபைலில், நாளைக்கு இத்தனை ஜிபி என்று வரும் டேட்டாவில் வீடியோ பார்த்துக் கொண்டிருந்தார்கள். அது தீர்ந்தால் கூடுதல் ரீசார்ஜ். ஊருக்குப் பணம் அனுப்பும் ஆளுக்கு அது சின்னச் செலவு அல்ல.

டிஷ் பொருத்த வீட்டுக்காரரின் அனுமதி வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். எங்கள் அம்மா மாடியில் துளை போட ஒப்புக் கொள்ளவில்லை. ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் கான்கிரீட் ஊற்றி, அதில் குழாயை நட்டு, டிஷ்ஷை அதன் மேல் மாட்டினோம். காற்றில் அசையவில்லை, வீடு மாறும்போது தூக்கிக் கொண்டும் போகலாம்.

ரெக்கார்டிங்: எளிய வழி

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஃப்ரீ டிஷ்ஷில் ஒரு டிரான்ஸ்பாண்டர் ஏறக்குறைய 40 எம்பிபிஎஸ் வேகத்தில் தகவலை அனுப்புகிறது. இதைப் பதினைந்து இருபது சேனல்கள் பங்கு போட்டுக் கொள்கின்றன. எனவே ஒரு சேனலுக்குச் சுமார் 2 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்கு 3600 வினாடி; பெருக்கினால் 7200 மெகாபிட்; எட்டால் வகுத்தால் 900 எம்பி. ஒரு 32 ஜிபி பென் டிரைவில் முப்பது மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்யலாம். ஒரு 1 டிபி ஹார்ட் டிஸ்க் என்றால் ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டும். வார நாட்களில் தினமும் ஒரு மணி நேரம் பதிவு செய்து, ஞாயிறன்று பார்த்து அழிப்பவருக்கு அந்தப் பென் டிரைவே தாராளம்.

பாக்ஸில் பென் டிரைவைச் செருகி, மெனுவில் டைமர் பகுதிக்குச் சென்று சேனல், ஆரம்ப நேரம், முடியும் நேரம் கொடுத்தால் அது தானே பதிவு செய்யும். பார்க்க எளிது. ஆனால் டைமர் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்களிடம் நான் கண்ட காரணங்கள் இரண்டுதான். ஒன்று, பாக்ஸின் கடிகாரம். செயற்கைக்கோள் அனுப்புவது உலகப் பொது நேரம். பாக்ஸில் நேர மண்டலத்தைக் கூட்டல் 5.30 என்று அமைக்காவிட்டால் எட்டரை மணி நிகழ்ச்சிக்குப் பதில் நள்ளிரவு நிகழ்ச்சி பதிவாகும். இரண்டாவது, சுவர் ஸ்விட்ச். தூங்கப் போகும் முன் எல்லா ஸ்விட்சையும் அணைப்பது நம் வீட்டுப் பழக்கம். பாக்ஸை ரிமோட்டால் ஸ்டாண்ட்பை நிலைக்குக் கொண்டு போக வேண்டும். சுவரில் அணைத்தால் டைமரும் அணைந்துவிடும். லைன் வீட்டில் அந்த ஸ்விட்சுக்கு மேல் செலோ டேப் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

பென் டிரைவுக்குப் பதில் சிறிய ஹார்ட் டிஸ்க்கைச் செருகினால் சில பாக்ஸ்களில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து நின்றுவிடும். பாக்ஸின் யுஎஸ்பி போர்ட் தரும் மின்சாரம் டிஸ்க் சுழல ஆரம்பிக்கும்போது போதாமல் போவதே காரணம். தனி அடாப்டர் உள்ள டிஸ்க் அல்லது பவர் உள்ள யுஎஸ்பி ஹப் பயன்படுத்துங்கள்.

கம்ப்யூட்டரில் பதிவு செய்வது

இதுதான் எனக்குப் பிடித்த முறை. ஆனால் எல்லோருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். டிவிபி-எஸ்2 டியூனர் ஒன்று வேண்டும். கார்டாகவும் யுஎஸ்பி பெட்டியாகவும் கிடைக்கிறது. விலை சாதாரண செட்டாப் பாக்ஸைப் போலப் பல மடங்கு. டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை இதில் இணைக்க வேண்டும்.

விண்டோஸில் புரோக்டிவிபி, லினக்ஸில் டிவிஹெட்எண்ட் என்ற சாஃப்ட்வேர்கள் இதற்கு உதவும். டிவிஹெட்எண்ட் இலவசம், அதை அமைக்க ஒரு மாலைப் பொழுது போகும், பிறகு மாதக் கணக்கில் தொட வேண்டியதில்லை. பிரவுசரில் நிகழ்ச்சியைத் தேர்வு செய்தால் பதிவாகிவிடும். வீட்டு வைஃபையில் உள்ள மொபைல், டிவி எதிலிருந்தும் அதைப் பார்க்கலாம். அதற்குக் கோடி சாஃப்ட்வேர் பொருத்தமானது. இன்னொரு வசதி, ஒரு டியூனர் ஒரு டிரான்ஸ்பாண்டரைப் பிடித்துவிட்டால் அதில் உள்ள எல்லாச் சேனல்களும் கம்ப்யூட்டருக்குள் வந்துவிடுகின்றன. எனவே ஒரே டிரான்ஸ்பாண்டரில் இருக்கும் நான்கு சேனல்களை ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். சாதாரண பாக்ஸில் இது இயலாது.

ஆனால் கரண்ட் பில்லை யோசித்தீர்களா? 60 வாட் எடுக்கும் பழைய கம்ப்யூட்டரை இதற்காக நாள் முழுவதும் ஓட விட்டால் ஒரு நாளைக்கு 1.44 யூனிட், இரண்டு மாதத்துக்கு 86 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகத் தரும் 100 யூனிட்டில் பெரும்பகுதியை இது ஒன்றே தின்றுவிடும். கேபிளில் மிச்சம் பிடித்ததை மின்வாரியத்தில் கட்டுவதில் என்ன லாபம்? 15 வாட்டில் ஓடும் பழைய லேப்டாப் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு மாதத்துக்கு 22 யூனிட்டுக்குள் முடிந்துவிடும். அதில் பேட்டரியும் இருப்பதால் கரண்ட் போய் வரும் இடைவெளியில் ஃபைல் கெடாது. ஆனால் டியூனர் தனி அடாப்டரில் ஓடுவதாக இருந்தால் அதற்கு யுபிஎஸ் வேண்டும்.

பதிவான ஃபைலை விஎல்சி பிளேயரில் திறக்கும்போது, ஆட்கள் நகரும் இடங்களில் சீப்புப் பல் போன்ற கோடுகள் தெரியலாம். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். நம் ஒளிபரப்பு இன்டர்லேஸ்டு முறையில் வருவதால் இப்படித் தெரிகிறது. கீபோர்டில் 'டி' என்ற ஆங்கில எழுத்தை அழுத்தினால் கோடுகள் மறையும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த முறைகள் எல்லாமே தடுமாறும். 11 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கனமழை உறிஞ்சிவிடுகிறது. டிவி பார்க்கும்போது படம் உறைந்தால் ஐந்து நிமிடம் பொறுக்கலாம். பதிவில் அந்த ஐந்து நிமிடம் இல்லாமலே போய்விடும். 60 செ.மீ. டிஷ்ஷுக்குப் பதில் 90 செ.மீ. டிஷ் போட்டால் ஓரளவு தாங்கும்.

இப்படிப் பதிவு செய்வது சட்டப்படி சரியா என்று சிலர் கேட்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 39வது பிரிவில், பதிவு செய்பவரின் சொந்த உபயோகத்துக்கான ஒலி, ஒளிப் பதிவு ஒளிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது என்று இருக்கிறது. அதைப் பிறருக்கு விற்பதும், இன்டர்நெட்டில் ஏற்றுவதும் வேறு விஷயம், அதில் இறங்காதீர்கள். 'ஒரு முறை பணம் கட்டினால் உலகச் சேனல் எல்லாம் ஆயுள் முழுக்க இலவசம்' என்று விற்கப்படும் பெட்டிகளையும் இதோடு குழப்பிக் கொள்ளக் கூடாது. அவை திருட்டு ஒளிபரப்பு. என்றைக்கு நிற்கும் என்று விற்றவருக்கே தெரியாது.

கட்டண டிடிஎச் நிறுவனங்களின் ரெக்கார்டர் பாக்ஸில் பதிவாவது பொதுவாகப் பூட்டுப் போட்ட பதிவு. அந்தப் பாக்ஸில் மட்டுமே ஓடும். டிஸ்க்கைக் கழற்றிக் கம்ப்யூட்டரில் போட்டால் ஓடாது. ஆப்களில் டவுன்லோட் செய்யும் வீடியோவும் அப்படியே. சந்தா முடிந்தால் அதுவும் முடிந்தது.

ஸ்ட்ரீமிங் ஸ்டிக்

இப்போது வீட்டுக்கார அம்மா சொன்ன அந்தக் 'குச்சி'க்கு வருவோம். டிவியின் ஹெச்டிஎம்ஐ போர்ட்டில் செருகும் சிறிய கம்ப்யூட்டர் அது. அமேசானின் ஃபயர் டிவி ஸ்டிக் ஓர் உதாரணம். 2021 பிப்ரவரியில், இதைச் சென்னையில் ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனமான கிளவுட் நெட்வொர்க் டெக்னாலஜி மூலம் தயாரிக்கப் போவதாக அமேசான் அறிவித்தது. ஆக, நம் பக்கத்து ஆட்களின் கைபட்ட பொருளே நம் டிவிக்குப் பின்னால் இருக்கக் கூடும். உங்கள் டிவி ஸ்மார்ட் டிவி என்றால் ஸ்டிக் தேவையில்லை. மிகப் பழைய டிவியில் ஹெச்டிஎம்ஐ இல்லாவிட்டால் ஏவி கன்வர்ட்டர் ஒன்று வேண்டியிருக்கும். எழுத்துகள் மங்கலாகத்தான் தெரியும்.

ஸ்டிக்கில் சேனல் எதுவும் இல்லை. அது ஒரு வாசல் மட்டுமே. உள்ளே போக இன்டர்நெட் வேண்டும்; பல கதவுகளுக்குச் சந்தாவும் வேண்டும். சன் டிவி சீரியலுக்கு சன் நெக்ஸ்ட், விஜய் டிவிக்கு ஜியோஹாட்ஸ்டார், ஜீ தமிழுக்கு ஜீ5 என்று தனித்தனி ஆப்கள். உண்மையிலேயே இலவசமாகக் கிடைப்பவை என்றால், தமிழ்ச் செய்திச் சேனல்கள் பல யூடியூபில் நேரடியாக ஓடுகின்றன. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் ஆப்பில் தூர்தர்ஷன் சேனல்களைப் பார்க்கலாம்.

டேட்டா கணக்கையும் போட்டுப் பாருங்கள். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் வரும் ஹெச்டி வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 2.25 ஜிபி எடுக்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டை வைத்து டிவி பார்த்தால் அன்றைய டேட்டா ஒரு சீரியலும் ஒரு செய்தியும் முடிவதற்குள் தீர்ந்து போகும். வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால்தான் ஸ்டிக்கைப் பற்றி யோசிக்க வேண்டும். கம்ப்யூட்டருக்காக ஏற்கெனவே பிராட்பேண்ட் வாங்கியவர்களுக்கு இது கூடுதல் செலவில்லை.

ஷிப்ட் பிரச்சினையை ஆப்கள் நன்றாகவே தீர்க்கின்றன என்பதை ஒப்புக் கொள்ள வேண்டும். ஒளிபரப்பான எபிசோட் பிறகு ஆப்பில் இருக்கும்; பதிவு செய்யும் வேலையே இல்லை. 2024 ஆகஸ்ட்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. அங்கே தங்குபவர் மாடியில் டிஷ் வைக்க முடியுமா? இவர்களைப் போன்றவர்களுக்கு மொபைல்தான் டிவி. வைஃபை கிடைக்கும் இடத்தில் டவுன்லோட் செய்து கொண்டு, கம்பெனி பஸ்ஸில் பார்ப்பதே சிக்கனம்.

அப்படியானால் கேபிள்?

வீட்டுக்கார அம்மாவிடம், கேபிளை நிறுத்துவதற்கு முன் ஒரு வேலை செய்யச் சொன்னேன். டிவிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்து, ஒரு வாரம் யார் எந்தச் சேனலைப் பார்த்தாலும் எழுதி வைக்க வேண்டும். வாரக் கடைசியில் நோட்டில் இருந்தவை ஒன்பது சேனல்கள். அவர்கள் கட்டிக் கொண்டிருந்த பேக்கேஜில் இருந்தவை இருநூறுக்கும் மேல். இந்தி, ஆங்கில, தெலுங்குக் கட்டணச் சேனல்கள் பல அதில் சேர்ந்தே வந்திருந்தன.

2019 பிப்ரவரி முதல் டிராய் கொண்டு வந்த முறைப்படி, எந்தக் கட்டணச் சேனல் வேண்டும் என்பதை நாமே ஒவ்வொன்றாகத் தேர்வு செய்து கொள்ளலாம். அப்போது அடிப்படைக் கட்டணம் 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு என்று உச்சவரம்பு இருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள் என்றாலும், சேனலைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருக்கிறது. கேபிள்காரரே வந்து இதைச் சொல்வார் என்று எதிர்பார்க்க முடியாது. நாம்தான் கேட்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். கேபிளை வெட்டிவிட்டு மூன்று ஆப்களுக்கும் சந்தா கட்டி, பிராட்பேண்டும் புதிதாகப் போட்டால் செலவு கூடுகிறது. அத்தோடு அம்மாவுக்கு ரிமோட்டில் எண்ணை அழுத்தினால் படம் வர வேண்டும். ஆப்பைத் திறந்து, புரொஃபைல் தேர்வு செய்து, எபிசோடைத் தேடுவது அவருக்கு ஆகாத காரியம். "அது என்ன தம்பி, டிவி பாக்கவே பரீட்சை எழுதணுமா?" என்றார். எனவே கேபிள் தொடர்கிறது. தேவையில்லாத கட்டணச் சேனல்களை நீக்கியதில் 300க்கு மேல் இருந்த மாதத் தொகை 220 ரூபாய் அளவுக்கு இறங்கியது. எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் அவர் மருமகள் பார்ப்பது ஒரே ஒரு சீரியல். அதற்கான ஆப் ஒன்றுக்கு மட்டும் மொபைலில் சந்தா கட்டினார்கள். இரண்டாம் ஷிப்ட் வாரத்தில் அவர் மறுநாள் காலையில் சமைத்துக் கொண்டே பார்த்துவிடுகிறார். மகன் ஆசைப்பட்ட ஸ்டிக்கை அவர்கள் வாங்கவில்லை.

உங்கள் நோட்டில் வரும் சேனல்கள் எல்லாம் செய்தியும், தூர்தர்ஷனும், இந்திப் படமுமாக இருந்தால் கேபிளைத் தைரியமாக நிறுத்தலாம். அப்போதும் ஒரு மாதம் இரண்டையும் சேர்த்து வைத்திருந்து பார்த்த பிறகு நிறுத்துங்கள். நிறுத்தும்போது செட்டாப் பாக்ஸ் நீங்கள் விலை கொடுத்து வாங்கியதா, அவர்களுடையதா என்பதைப் பழைய ரசீதில் பாருங்கள். அவர்களுடையது என்றால் அடாப்டர், ரிமோட்டோடு திருப்பிக் கொடுத்து, பாக்ஸின் எண்ணைக் குறிப்பிட்டு ரசீது வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். மாடியில் கிடக்கும் பழைய கட்டண டிடிஎச் டிஷ்ஷை எடைக்குப் போட வேண்டாம். கேயு பேண்ட் டிஷ் எல்லாம் ஒன்றுதான். தென்கிழக்கே 93.5 டிகிரி செயற்கைக்கோளை நோக்கித் திருப்பினால் அதுவே ஃப்ரீ டிஷ்ஷுக்கும் ஆகும். பாக்ஸ் மட்டும் வாங்கினால் போதும்.